பன்னிரண்டு நாள் மூத்தவன்

1

இந்த ஆகஸ்ட் பத்தொன்பதோடு நான் கேமரன் மலைக்கு வந்து முப்பத்தோரு ஆண்டு முடிகிறது. ஆண்டுதோறும் இந்த நாளில் ஊர் நண்பர்களுக்கு எழுதும்போது மழையைப் பற்றி எழுதுவேன், கோயில் திருவிழாவைப் பற்றி எழுதுவேன். இந்த முறை ஒரு தேதியைப் பற்றி எழுதப் போகிறேன். அந்தத் தேதியை மாற்றி எழுதியவன் நான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறந்தாங்கிக்குக் கிழக்கே பிறந்தவன். 1994இல் காய்கறித் தோட்ட வேலைக்கு வந்தேன். இங்கே தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த லெட்சுமியைக் கட்டினேன். கம்போங் ராஜாவுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் கிராணியாக இருக்கிறேன். கிராணி என்றால் எழுத்தர். துரைமார் கப்பலேறிப் பல காலம் ஆகியும் அவர்கள் வைத்த பட்டம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. பச்சை இலை ஏற்றிய முதல் லோரி காலையில் எத்தனை மணிக்கு வந்தது, இலையில் ஈரம் எவ்வளவு, நேற்று மழை எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. வீட்டுக்கு வந்தால் சொந்தக் குறிப்பேடு. வந்த நாளிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை.

“இவருக்குக் காய்ச்சல் வந்தாகூட எத்தன மணிக்கு வந்துச்சின்னு எழுதி வச்சிட்டுதான் படுப்பாரு” என்று லெட்சுமி விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். முன்பெல்லாம் சிரிப்பாள்.

2

எங்கள் மகன் பிறந்தது 2000ஆம் ஆண்டு ஜனவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு இருபது. இங்கே அவனை லோகேஷ் என்று எழுதுகிறேன். உண்மைப் பெயர் வேறு. ஏன் மறைக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். அன்று சாலையில் மண் சரிந்திருந்ததால் ஆஸ்பத்திரி வண்டி மேலே வர முடியவில்லை. தோட்டத்து மருத்துவச்சிதான் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் வைத்துப் பிரசவம் பார்த்தார். குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதினேன்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் நான் கொடுத்த தேதி 1999 டிசம்பர் முப்பது.

இதை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்களில் பாதிப்பேருக்குச் சான்றிதழ்ப் பிறந்தநாள் ஒன்று, அம்மா சொல்லும் பிறந்தநாள் வேறு. என்னைப் பள்ளியில் சேர்த்தபோது, கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். தொட்டேன். “அஞ்சு வயசு ஆயிருச்சு” என்று ஒரு மே மாதத் தேதியை எழுதிக்கொண்டார். என் அப்பா கும்பிட்டு நன்றி சொன்னார். அந்தத் தேதியோடுதான் படித்தேன், பாஸ்போர்ட் எடுத்தேன், கடல் தாண்டினேன். ஒரு இடத்திலும் அது என்னைத் தடுக்கவில்லை. தேதி என்பது பெற்றவன் பிள்ளைக்குச் செய்து கொடுக்கும் சின்ன வசதி என்றே நினைத்திருந்தேன்.

இங்கே ஜனவரியில் பள்ளி திறந்த காலம் அது. டிசம்பரில் பிறந்த பிள்ளை ஓர் ஆண்டு முன்னதாகவே முதல் வகுப்பில் உட்காரும். பிறந்து பதினான்கு நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. டிசம்பர் முப்பது என்று சொன்னால் நான் போய் நின்ற ஜனவரி பன்னிரண்டு பதின்மூன்றாவது நாள். கணக்கு கச்சிதமாக இருந்தது. மருத்துவச்சியும் நான் சொன்ன தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இந்த நாட்டில் ஐசி எனப்படும் அடையாள அட்டையின் எண்ணே பிறந்த தேதியில்தான் தொடங்குகிறது. தொண்ணூற்றொன்பது, பன்னிரண்டு, முப்பது. வங்கியில், ஆஸ்பத்திரியில், செல்பேசிக் கடையில் என் மகன் ஆயிரம் தடவை அந்தப் பொய்யை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறான். வீட்டில் மட்டும் லெட்சுமி விடாப்பிடியாக ஜனவரி பதினொன்றில்தான் பாயசம் வைப்பாள்.

3

2018 ஜனவரி ஒன்று, திங்கட்கிழமை. புத்தாண்டு விடுமுறை. சமவெளியிலிருந்து வந்த கார்கள் திரிங்காப் சாலையில் நகராமல் நின்றன. லோகேஷ் ஒரு தமிழ் வியாபாரியின் சாலையோரக் கடையில் அவித்த சோளமும் ஸ்ட்ராபெரியும் விற்றுக்கொண்டிருந்தான். கடை வாசலை மறித்து நிறுத்திய கார்க்காரர் ஒருவரிடம் கொஞ்சம் நகர்த்தச் சொல்லியிருக்கிறான். அவர் எங்களைக் கீழாகச் சொல்லும் ஒரு சொல்லைச் சொன்னார். இவன் கல்லை எடுத்து வீசினான். அவருடைய நெற்றியில் நான்கு தையல்.

நியாயம் பேச வரவில்லை. கல் வீசியது தப்பு. அந்தச் சொல்லுக்குத் தையல் போட முடியாது என்பதும் உண்மை. இரண்டையும் அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் தேதி கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தாழ்வாரத்தில் வழக்கை விசாரித்த போலீஸ் சார்ஜன் என்னிடம் வந்தார். மலாய்க்காரர், நல்ல மனிதர். மகனின் அடையாள அட்டையைப் பார்த்து, “பதினெட்டு முடிந்து நாலு நாள்தானா?” என்று மலாயில் கேட்டார். பதினெட்டுக்குக் கீழே என்றால் சிறார் நீதிமன்றம், சமூகநல அதிகாரியின் அறிக்கை என்று சில வாரங்கள் போகும். இது இன்றைக்கே முடிந்துவிடும் என்று என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார்.

அன்று என் மகனுக்குப் பதினெட்டு ஆக எட்டு நாள் பாக்கி. அது எனக்குத் தெரியும். அந்தத் தேதியையும் சட்டத்தையும் சேர்த்து அறிந்தவன் அந்தக் கட்டடத்தில் நான் மட்டும்தான்.

நான் தலையை ஆட்டினேன். “ஆமாம், பதினெட்டு.”

ஏன் என்று ஏழு ஆண்டுகளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கே முடிந்துவிடும் என்ற சொல் இனித்தது. பொய்த் தேதி கொடுத்தவன் என்று பிடிபடுவேனோ என்ற பயம் இருந்தது. அப்போது என்னிடம் இருந்தது சிவப்பு அட்டை, அதாவது நிரந்தரவாசி. குடியுரிமைக்கு விண்ணப்பித்து இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. கடைசியாகச் சொன்னதுதான் முதல் காரணம். அதை எழுத இத்தனை காலம் ஆயிற்று.

கம்பிக்குப் பின்னால் இருந்து லோகேஷ் கேட்டான்: “ப்பா, உள்ள கேட்டா நா என்ன சொல்லணும்?”

“ஒத்துக்கடா. ஃபைன் கட்டிட்டு வீட்டுக்குப் போயிரலாம்.”

“வக்கீலு வேணாமா?”

“கல்லு எறிஞ்சியா இல்லியா?”

“எறிஞ்சேன்.”

“அப்பறம் எதுக்குடா வக்கீலு?”

காருக்கு வரும் அபராதச் சீட்டைப் போல, கட்டினால் தீர்ந்தது என்றுதான் இங்கே தோட்டத்தில் எல்லோரும் நினைக்கிறோம். ஒத்துக்கொண்டான். ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி. ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம். கைரேகை வைத்தார்கள். பிற்பகல் இரண்டு மணிக்குச் சோறு சாப்பிட்டோம். அன்றைய குறிப்பு: “கேஸ் முடிந்தது. மழை 6 மி.மீ.”

4

முடியவில்லை. பாதுகாவலர் வேலைக்குப் போனான். போலீஸ் சரிபார்ப்பில் பெயர் திரும்பி வந்தது. பேருந்து ஓட்டப் படித்தான்; அதற்கும் சரிபார்ப்பு. யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. “இப்போதைக்கு ஆள் தேவைப்படவில்லை” என்று நல்ல மலாயில் கடிதம் வரும். எங்கள் தொழிற்சாலையிலேயே தற்காலிகமாக இலை உலர்த்தும் தட்டுகளில் வேலைக்கு நின்றான். என் பதிவேட்டில் அவன் வந்த நேரத்தையும் எழுதும் நிலை வந்தது. ஒரு நாள் பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தான். நான் அப்படியே எழுதினேன்.

“எழுதுங்க, எழுதுங்க. ஒரு நிமிசத்தக்கூட விட்றாதீங்க” என்றான்.

வீட்டில் பேச்சு குறைந்தது. என்னோடு தமிழ், அம்மாவோடு தமிழும் மலாயும், கூட்டாளிகளோடு மலாய், செல்பேசியோடு எதுவோ. நான் “மகிழுந்து” என்று சொன்னால் முன்பு சிரிப்பவன், அதற்கும் சிரிப்பதை நிறுத்தினான்.

போன ஆண்டு வெளிநாட்டில் ஒரு பழத்தோட்டத்தில் முறையான வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டு விசா, தங்க இடம். எந்த நாடு என்று எழுத மாட்டேன். அவர்கள் கேட்டது ஒரே ஒரு தாள்: நன்னடத்தைச் சான்றிதழ். நவம்பரில் விண்ணப்பித்தான். இந்த ஆண்டு ஜனவரி பதினொன்று, சனிக்கிழமை, லெட்சுமி பாயசத்தை இறக்கி வைத்த நேரத்தில் அவன் செல்பேசியில் பதில் வந்தது. பதிவு இருக்கிறது, சான்றிதழ் இல்லை.

அவன் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னான்.

5

ஜனவரி இருபத்தொன்றில் ஈப்போவுக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தோம். புவனா என்று ஒரு தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய பதிவை அழிக்க வழி உண்டா என்று கேட்டேன். அண்டை நாடான சிங்கப்பூரில் சிறு குற்றத்துக்கு ஒரு கெடு உண்டு, அந்தக் காலம் ஒழுங்காக இருந்தால் பதிவு செத்துப்போனதாகக் கொள்வார்கள் என்று படித்திருந்தேன். இங்கிலாந்திலும் உண்டு.

“இங்க பெரியவங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்ல அங்கிள். இருந்தா என் ஆபீஸ் வாசல்ல கியூ நிக்கும்” என்றார். “சட்டத்தோட வேடிக்கைய பாருங்க. ரெண்டாயிரம் வெள்ளிக்குக் கீழதான் ஃபைன், அதனால உங்க மகன் நாளைக்கே எம்.பி.க்கு நிக்கலாம். ஸ்கூல் பஸ் ஓட்டணும்னாதான் தகராறு.”

“அப்ப எலெக்சன்ல நின்னுர வேண்டியதுதான்லா” என்றான் லோகேஷ். “சின்னம் கல்லு.”

புவனா சிரித்துக்கொண்டே குற்றப் பத்திரிகையைப் புரட்டினார். தேதிகளைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார். “அடடா, பதினெட்டு ஆயி ரெண்டாவது நாள் எறிஞ்சிருக்கீங்க. மூணு நாள் முந்தி எறிஞ்சிருந்தா நீங்க சட்டப்படி சிறார். சிறார் கோர்ட்டுல குற்றத் தீர்ப்பு, தண்டனைங்கிற வார்த்தையையே எழுத மாட்டாங்க. இந்தத் தலைவலியே இருந்திருக்காது.”

“மிஸ், நா ஜனவரி பதினொன்னுல்ல பொறந்தேன்” என்றான் அவன். வீட்டில் எப்போதும் சொல்லும் வேடிக்கையைச் சொல்வது போலத்தான் சொன்னான். “ஐசி தேதி சும்மா. அப்பா ஸ்கூலுக்காக மாத்துனது.”

புவனா பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். “நெசமா அங்கிள்?”

“நெசம்தாம்மா. எழுதி வச்சிருக்கேன்.”

பிறகு அவர் மெதுவாக விளக்கினார். அன்று அவன் உண்மையில் சிறார் என்றால், அந்த வழக்கை அந்த நீதிமன்றம் விசாரித்ததே சரியில்லை என்று உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம். ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. கேட்க இடம் உண்டு. அதற்கு முன்னால் பிறந்த தேதியைத் திருத்த வேண்டும். தேதியைத் திருத்த, நான் பொய் சொன்னேன் என்று சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்திட வேண்டும். மருத்துவச்சி காலமாகிவிட்டார். மிஞ்சிய சாட்சி நானும் என் குறிப்பேடும்.

“பொய்த் தகவல் குடுத்தது தனிக் குற்றம். உங்க குடியுரிமை விண்ணப்பம் என்னாகும்னு என்னால சொல்ல முடியாது. உங்க மேலயே கேஸ் வந்தாலும் வரலாம். யோசிச்சு சொல்லுங்க.”

மலை ஏறும் வழியில் லோகேஷ் வண்டியை ஓட்டினான். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“அந்த சார்ஜன் வயசு கேட்டப்ப நீங்க அங்கதான நின்னீங்க?”

“நின்னேன்.”

“சிறார் கோர்ட்டுன்னு அவர் சொன்னாரா?”

“சொன்னாரு.”

அடுத்த வளைவில் ஹாரன் அடித்துவிட்டு வண்டியைத் திருப்பினான். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

6

புவனாவிடமிருந்து பிரமாணத்தின் வரைவு பிப்ரவரி பத்தில் வந்தது. இரண்டு பக்கம். “மேற்கண்ட தேதி பொய் என்பதை அறிந்தே கொடுத்தேன்” என்பது மூன்றாவது பத்தி. அதே மாதத்தில், விண்ணப்பித்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு, குடியுரிமை நேர்காணலுக்கு எனக்கு அழைப்பு வந்தது. ஜூன் பதினெட்டு.

“நேர்காணல் முடியட்டும். மறுநாளே கையெழுத்துப் போடுறேன்” என்று மகனிடம் சொன்னேன்.

“ம்.”

“நாலு மாசம்தாண்டா.”

“அவங்க வேலைய நாலு மாசம் வச்சிருக்க மாட்டாங்க ப்பா.”

“வேற வேலை வரும்.”

“ஆமா. ஒங்களுக்கு வேற நாடு வந்த மாதிரி.”

நியாயமாக எழுத வேண்டும் என்பதால் என் பக்கத்தையும் எழுதுகிறேன். முப்பது ஆண்டு உழைத்த மண்ணில் ஓட்டுப்போட ஆசைப்பட்டேன். ஊரில் எனக்கு நிலம் இல்லை; அம்மா அப்பா இல்லை. இங்கே என் பெயர் சிவப்பு அட்டையில், சலுகையாக இருக்கிறது. ஏழு ஆண்டு பொறுத்த மகன் இன்னும் நான்கு மாதம் பொறுக்கக் கூடாதா என்று உண்மையாகவே நினைத்தேன். அவனுடைய பொறுமையை நான் எப்போதும் என்னுடையதாகவே எடுத்துச் செலவழித்து வந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

மே இருபத்தேழு, செவ்வாய். வேலையிலிருந்து வந்தேன். அலமாரியில் அவன் சட்டைகள் இல்லை. சுற்றுலாப் பயணியாகப் போயிருந்தான். அதற்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். அந்த அனுமதி முடிந்த பிறகும் அங்கே இருப்பான் என்பதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை.

லெட்சுமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“நீங்க கையெழுத்துப் போட நல்ல நாள் பாத்துட்டு இருந்தீங்க. அவன் டிக்கெட்டு பாத்துட்டு இருந்தான்.”

“ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

“சொன்னா தேதி போட்டு எழுதி வச்சிருப்பீங்க.”

இரண்டு வாரம் கழித்து அழைத்தான். குரல் தெளிவாக இருந்தது. பழம் அடுக்கும் கொட்டகையில் வேலை, குளிர் நம் மலையைப் போல மூன்று மடங்கு என்றான். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

“எப்ப?”

“மே முப்பது.”

“நா போயி மூணு நாள் கழிச்சு” என்றான். பிறகு, “பரவால்ல ப்பா. இங்க யாரும் எப்ப பொறந்தேன்னு கேக்கல. அதனாலதான் சம்பளமும் கம்மி” என்று சிரித்தான்.

7

ஜூன் பதினெட்டில் நேர்காணலுக்குப் போனேன். அரசாங்கத்துக்கு எப்போதாவது பொய்த் தகவல் கொடுத்ததுண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்றேன். பிரமாணத்தின் நகலை மேசைமேல் வைத்தேன். அதிகாரி இரண்டு முறை படித்தார். கோப்பு மேலிடத்துக்குப் போகும் என்றார். இன்றுவரை பதில் இல்லை. வந்தால் என்னவாக இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

புவனாவிடம் மறுஆய்வு மனுவைப் போடச் சொன்னேன். “முதல்ல ஐசி தேதி மாறணும் அங்கிள். அப்பறம் அவர் கையெழுத்து வேணும். எங்க இருக்காருன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா எனக்கும் தெரிஞ்சதா ஆயிரும்” என்றார்.

ஜூன் இருபத்தைந்தில் பதிவு அலுவலகத்துக்கு நானே போனேன். பிரமாணம், குறிப்பேடு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் முகப்பில் இருந்த இளம்பெண்ணிடம் கொடுத்தேன். மரியாதையான பெண். குறிப்பேட்டைத் திறந்து, தமிழ் படிக்கத் தெரியாமலே அந்தப் பக்கத்தில் இருந்த எண்களை விரலால் தொட்டுப் பார்த்தார். பதினொன்று, ஒன்று, இரண்டாயிரம். நான்கு இருபது.

“இது குற்றம் என்று தெரியுமா, ஐயா?” என்று மலாயில் கேட்டார்.

“தெரியும். அதற்குத்தான் வந்திருக்கிறேன்.”

அவர் உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்தார். பிரமாணத்தை ஏற்கலாம், விசாரணை நடக்கும் என்றார். ஆனால் சம்பந்தப்பட்டவர் வயது வந்தவர். அவரே நேரில் வந்து விரல்ரேகை வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இல்லாமல் ஓர் எழுத்தும் மாற்ற முடியாது.

“உங்கள் மகன் இப்போது எங்கே இருக்கிறார்?”

அந்த வாரத்தோடு அவனுடைய சுற்றுலா அனுமதி முடிந்திருந்தது. நாட்டின் பெயரைச் சொன்னால் அவர் தாளில் எழுதுவார். தாளில் எழுதியது எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். ஏழு ஆண்டுக்கு முன்னால் ஒரு சின்ன மேசையில் எழுதியது கடல் தாண்டிப் போய் அவனைத் தடுத்ததைப் பார்த்தவன் நான். எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு கைக்குழந்தை அழுதது. அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தார்.

“சிங்கப்பூரில் வேலை” என்றேன்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.